பைத்தானிலிருந்து கைப்பேசிக்கு நோட்டிஃபிகேஷன்: அனுப்ப ஒரு வரி போதும், மிச்ச வேலை அதற்கப்புறம்

கேள்வி இதுதான்: பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் பல மணி நேரம் ஓடுகிறது. அது முடிந்தாலோ, நடுவில் நின்றுபோனாலோ கைப்பேசிக்கு ஒரு புஷ் நோட்டிஃபிகேஷன் வர வேண்டும். இதற்காகச் சொந்தமாக ஆப் எழுத வேண்டுமா? ஆப்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கூகுள் தரும் ஃபயர்பேஸைக் கற்றுக்கொள்ள வேண்டுமா? இல்லை, ஏதாவது சேவை வழியாகச் சுலபமாக முடித்துவிடலாமா?

ஆப் எழுத வேண்டாம். ஃபயர்பேஸும் உங்களுக்குத் தேவைப்படாது. ஒரு சேவையில் பதிந்து, ஒரு எச்டிடிபி கோரிக்கை அனுப்பினால் போதும், பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் தேவைப்படும் அன்றைக்குப் பார்த்து நோட்டிஃபிகேஷன் வராது. அதனால் அனுப்புவதைச் சீக்கிரம் சொல்லிவிட்டு, வராமல் போகும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், நடுவில் ஏன் ஒரு சேவை தேவை? உங்கள் கணினியிலிருந்து கைப்பேசிக்கு நேராக அனுப்ப முடியாது. கைப்பேசிக்கு நிலையான முகவரி கிடையாது, வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் மாறிக்கொண்டே இருக்கும், பாதி நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் கைப்பேசி தன் பக்கத்திலிருந்து ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். ஐஃபோன் என்றால் ஆப்பிளின் சர்வரோடு, ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகுளின் சர்வரோடு. ஆப்பிள் இதை 2009இல் கொண்டுவந்தது. கூகுள் 2010இல் ஒரு பெயரில் தொடங்கி, 2012இல் இன்னொரு பெயருக்கு மாறி, 2016இல் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் என்ற பெயருக்கு வந்து சேர்ந்தது. எல்லா ஆப்புக்குமான செய்தியும் அந்த ஒற்றைக் குழாய் வழியாகத்தான் வரும். அதன் வழியாகச் செய்தி அனுப்ப, அந்த ஆப்பை எழுதியவரிடம் இருக்கும் சாவி தேவை. நாம் பயன்படுத்தப் போகும் சேவைகள் செய்வது இதைத்தான்: ஆப் அவர்களுடையது, சாவி அவர்களுடையது, செய்தி மட்டும் உங்களுடையது.

எதை எடுப்பது? உங்கள் தேவைக்கு மூன்று சேவைகளைப் பார்த்தால் போதும்.

ஒன்று, என்-டி-எஃப்-ஒய் என்று உயிரெழுத்தே இல்லாமல் எழுதி, ‘நோட்டிஃபை’ என்று படிக்கும் சேவை. திறந்த மூல மென்பொருள். கணக்குகூடத் தொடங்க வேண்டியதில்லை. கைப்பேசியில் அவர்களுடைய ஆப்பைப் போட்டு, ஏதாவது ஒரு தலைப்புப் பெயரைச் சொல்லி அதைப் பின்தொடர்ந்தால் சரி. பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் போஸ்ட் ஃபங்ஷனுக்கு அவர்களுடைய முகவரியோடு அந்தத் தலைப்புப் பெயரையும் ஒட்டிக் கொடுத்து, செய்தியை டேட்டாவாக அனுப்ப வேண்டும். ஒரே வரி. ஒரு விஷயம் மட்டும்: பொதுச் சர்வரில் அந்தத் தலைப்புப் பெயர்தான் கடவுச்சொல். ‘டெஸ்ட்’ என்றோ ‘பேக்கப்’ என்றோ வைத்தால் உலகத்தில் இன்னும் பலர் அதே பெயரை வைத்திருப்பார்கள், அவர்கள் செய்தி உங்களுக்கும் உங்கள் செய்தி அவர்களுக்கும் போகும். பைத்தானின் சீக்ரெட்ஸ் மாட்யூலைக் கொண்டு நீளமான, யூகிக்க முடியாத ஒரு பெயரை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியார் சர்வர் வேண்டாம் என்றால் முழுவதையும் உங்கள் சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

இரண்டு, புஷ்ஓவர். 2012இலிருந்து இருக்கிறது. இதில் பயனர் சாவி ஒன்று, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு டோக்கன். இவை இரண்டோடு செய்தியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆப்புக்கு ஒருமுறை காசு கொடுத்து வாங்க வேண்டும். மாதத்துக்கு 10,000 செய்திகள் வரை கூடுதல் கட்டணம் இல்லை. இதன் தனிச்சிறப்பு அவசர முன்னுரிமை. முன்னுரிமையை 2 என்று கொடுத்தால், நீங்கள் பார்த்துவிட்டதாக ஒத்துக்கொள்ளும்வரை கைப்பேசி திரும்பத் திரும்பக் கத்தும். எத்தனை நொடிக்கு ஒருமுறை என்பதையும், எப்போது கைவிட வேண்டும் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். இடைவெளி குறைந்தது 30 நொடி, மொத்தம் அதிகபட்சம் 3 மணி நேரம். நடுராத்திரியில் எழுந்தே ஆக வேண்டிய வேலை என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்று, டெலிகிராம் பாட், அதாவது நிரலால் இயங்கும் தானியங்கிக் கணக்கு. ஏற்கெனவே டெலிகிராம் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக ஆப் எதுவும் வேண்டாம். பாட்ஃபாதர் என்ற பாட்டிடம் பேசி ஒரு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு: பாட் உங்களிடம் முதலில் பேச முடியாது. நீங்கள் போய் ஒருமுறை ‘ஸ்டார்ட்’ அழுத்தினால்தான் அது உங்களுக்கு எதையும் அனுப்பும்.

எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தனிமனிதப் பயன்பாட்டுக்கு முதல் சேவையையே சொல்வேன். காரணம் எளிமை மட்டுமல்ல, நாளைக்கு அந்தப் பொதுச் சர்வர் பிடிக்கவில்லை என்றால் முகவரியை மட்டும் மாற்றி உங்கள் சர்வருக்குக் குடிபெயர்ந்துவிடலாம். பல சேவைகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும் என்றால் ‘அப்ரைஸ்’ என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. ஒவ்வொரு சேவையையும் ஒரு முகவரி வரியாக எழுதிக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

சரி, இப்போது தமிழில் அனுப்பிப் பாருங்கள். இங்கேதான் முதல் அடி விழும்.

நோட்டிஃபிகேஷனின் மேலே தெரியும் தலைப்பை (பின்தொடரும் தலைப்புப் பெயர் வேறு, இது வேறு) ஹெடரில், அதாவது கோரிக்கையோடு சேர்ந்து போகும் குறிப்பில், ‘பேக்கப் முடிந்தது’ என்று தமிழில் கொடுத்து ஓட்டினால், செய்தி கிளம்புவதற்கு முன்பே பைத்தான் ஒரு யூனிகோட் என்கோட் எரரைக் காட்டி நிற்கும். ‘லத்தீன்-1 கோடெக்கால் இந்த எழுத்துகளைக் குறியேற்ற முடியவில்லை’ என்பது அதன் சாரம். சர்வர் மேல் தப்பில்லை. எச்டிடிபி ஹெடரில் வரும் சரத்தைப் பைத்தான் லத்தீன்-1 ஆகத்தான் மாற்றப் பார்க்கும், அந்த 256 எழுத்துகளில் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்து ‘வேலை செய்கிறது’ என்று விட்டுவிட்டு, பிறகு ஒரு தமிழ்க் கோப்புப் பெயர் தலைப்பில் வந்த அன்றைக்கு நிரல் விழும். தீர்வு இரண்டு. ஹெடர் மதிப்பை யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றிக் கொடுக்கலாம். அதைவிட நல்லது, ஹெடரையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஜேசானாக அனுப்புவது. தலைப்புப் பெயர், தலைப்பு, செய்தி, முன்னுரிமை எல்லாம் ஒரு டிக்ஷனரியில் போட்டு, ரிக்வெஸ்ட்ஸின் ஜேசான் அளபுருவில் கொடுத்து, தலைப்புப் பெயர் ஒட்டாத, சேவையின் வேர் முகவரிக்கு அனுப்புங்கள். ஜேசானாக மாறும்போது தமிழ் எழுத்துகள் எல்லாம் பத்திரமான குறியீடுகளாகிவிடும், தகராறே இல்லை. சாதாரண செய்தியை நேரடியாக டேட்டாவாகக் கொடுத்தாலும் யுடிஎஃப்-8இல் குறியேற்றிவிட்டுக் கொடுப்பதே பழக்கமாக இருக்கட்டும். பழைய பதிப்புகளில் அங்கேயும் இதே லத்தீன்-1 தலைகாட்டும்.

அடுத்தது நீளம். ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானின் லென் ஃபங்ஷனைக் கேட்டால் 5 என்று சொல்லும், ஏனென்றால் இகரக் கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். முதலில் சொன்ன சேவையில் ஒரு செய்தியின் எல்லை 4096 பைட். ஆங்கிலத்தில் அது தாராளம், தமிழில் சுமார் 1365 குறிகளோடு முடிந்துவிடும். தாண்டினால் செய்தி ஓர் இணைப்புக் கோப்பாக மாறி வரும், பூட்டுத்திரையில் படிக்க முடியாது. புஷ்ஓவரில் எல்லை பைட்டில் அல்ல, 1024 எழுத்துக்குறிகள். டெலிகிராமில் 4096 எழுத்துக்குறிகள். நீங்களாகவே வெட்டி அனுப்புவதாக இருந்தால் பைட்டாக வெட்டாதீர்கள். வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால் அதைத் திரும்பப் படிக்க முடியாது. எழுத்துக்குறியாக வெட்டினாலும் ‘கி’யின் கொம்பு கழன்று ‘க’ மட்டும் நிற்கலாம். சொல் இடைவெளி பார்த்து வெட்டுவது உத்தமம். நோட்டிஃபிகேஷனில் முழு எரர் பட்டியலையும் கொட்ட வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். எரரின் கடைசி வரி, எந்தக் கோப்பு, எத்தனை மணி. அவ்வளவு போதும்.

டெலிகிராமில் இதற்குச் சமமான ஒரு குழி இருக்கிறது. தடித்த எழுத்து வேண்டும் என்று மார்க்டவுன் முறையை இயக்கியிருப்பீர்கள். செய்தியில் அடிக்கோடு உள்ள ஒரு கோப்புப் பெயர் வரும். டெலிகிராம் அந்த அடிக்கோட்டைச் சாய்வெழுத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, முடிவைத் தேடிக் காணாமல், 400 என்ற எரர் எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். பைத்தான் கோப்புப் பெயர்களில் அடிக்கோடு இல்லாதது எத்தனை? எச்டிஎம்எல் முறைக்கு மாறி, உள்ளே போடும் ஒவ்வொரு துண்டையும் எச்டிஎம்எல் மாட்யூலின் எஸ்கேப் ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள். இல்லை, அலங்காரமே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

இனி அந்த ஒற்றை வரியைச் சுற்றி என்ன எழுத வேண்டும் என்று பார்ப்போம்.

ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது காலவரையின்றிக் காத்திருக்கும். இது பலருக்குத் தெரியாது. சேவையின் சர்வர் இணைப்பை ஏற்றுக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால், உங்கள் நிரலும் கூடவே உட்கார்ந்துவிடும். இணைக்க 3 நொடி, பதிலுக்கு 10 நொடி என்று இரண்டு எண்களாகக் கொடுங்கள். அடுத்து, 401 (அனுமதி இல்லை) அல்லது 429 (அளவுக்கு மீறி அனுப்புகிறீர்கள்) என்று பதில் வந்தாலும் ரிக்வெஸ்ட்ஸ் தானாக எரர் கொடுக்காது. டோக்கன் தப்பு என்று சர்வர் மறுத்திருக்கும், உங்கள் நிரலோ எல்லாம் நல்லபடி நடந்ததாக நினைத்து அடுத்த வரிக்குப் போயிருக்கும். ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ் என்ற மெத்தடை அடுத்த வரியில் அழைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின், அந்த முழுத் துண்டையும் ஒரு ட்ரை-எக்ஸெப்டுக்குள் போட வேண்டும். நோட்டிஃபிகேஷன் போகவில்லை என்பதற்காக உண்மையான வேலை கெடக் கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஆறு மணி நேரம் ஓடிய ஒரு கணக்கீட்டின் கடைசியில், விடையைக் கோப்பில் எழுதும் வரிக்கு ஒரு வரி முன்னால் ‘முடிந்தது’ என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வரியை வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து இணையம் போயிருந்தது. இணைப்பு எரர் வந்து நிரல் விழுந்தது, கோப்பு காலி. முடிந்தது என்று சொல்லப் போனதால் முடிந்ததே போயிற்று. அன்றிலிருந்து எனக்கு இரண்டு வழக்கங்கள்: முதலில் சேமி, அப்புறம் சொல். சொல்வதில் வரும் எரர் லாகில் பதிவாகட்டும், மேலே ஏறி வர வேண்டாம்.

மறுமுயற்சி பற்றி ஒன்று. ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் வேலை செய்யும் யுஆர்எல்லிப்3 நூலகத்தின் ரீட்ரை வகுப்பைப் பொருத்திவிட்டு, 503 (சேவை தற்காலிகமாக இல்லை) வந்தால் தானாக மூன்று முறை முயலும் என்று நம்பியிருப்பார்கள். முயலாது. அதன் இயல்பான பட்டியலில் போஸ்ட் கிடையாது, ஏனென்றால் போஸ்ட்டை இருமுறை அனுப்பினால் ஒரே வேலை இருமுறை நடந்துவிடலாம். நோட்டிஃபிகேஷன் இரண்டு தடவை வந்தால் நமக்குக் குடி முழுகிவிடாது என்பதால், அனுமதிக்கப்பட்ட மெத்தடுகளில் போஸ்ட்டை நீங்களே சேர்க்க வேண்டும். 500 வரிசை எரருக்கு மட்டும் மறுபடி முயலுங்கள். 429 வந்தால் எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று டெலிகிராம் பதிலிலேயே சொல்லும், அதைக் கேளுங்கள். மற்ற 400 வரிசை எரர்களை எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான்.

டோக்கனை நிரலுக்குள் எழுதிவைத்து கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். சூழல் மாறியில் வையுங்கள். ஆனால் டெர்மினலில் ஓட்டும்போது வேலை செய்த நிரல், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடும்போது டோக்கனைக் காணோம் என்று விழுந்தால் திகைக்காதீர்கள். கிரான் உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்புகளைப் படிப்பதில்லை. கிரானின் அட்டவணையான கிரான்டேபிலேயே அந்த மாறியை எழுதுங்கள், அல்லது நிரலே ஒரு தனிக் கோப்பிலிருந்து படிக்கட்டும். இன்னொரு கசிவு பலர் கண்ணில் படுவதில்லை: டெலிகிராமில் டோக்கன் முகவரிக்குள்ளேயே இருக்கிறது. இணைப்பு எரர் வந்தால் ரிக்வெஸ்ட்ஸ் அந்த முகவரியை எரர் செய்தியில் எழுதும். அதை நீங்கள் லாகில் எழுதுவீர்கள். அந்த லாகை உதவி கேட்டு யாருக்காவது அனுப்புவீர்கள். அவ்வளவுதான், டோக்கன் ஊர் சுற்றத் தொடங்கிவிடும். அப்படி ஆனால் பாட்ஃபாதரிடமே பழைய டோக்கனை ரத்துசெய்து புதியது வாங்கலாம். செய்தியின் உள்ளடக்கமும் அப்படித்தான்: அது வேறொருவர் சர்வர் வழியாகப் போய், பூட்டுத்திரையில் யார் கண்ணுக்கும் தெரியும்படி வந்து நிற்கும். கடவுச்சொல், வாடிக்கையாளர் விவரம் எதையும் அதில் போடாதீர்கள்.

அடுத்தது வெள்ளம். லூப்புக்குள் எரர் வந்தால் சொல் என்று எழுதியிருப்பீர்கள். டேட்டாபேஸ் விழுந்த அன்றைக்கு நொடிக்கு ஒரு தடவை சொல்லும். கைப்பேசி அலறும், நீங்கள் எரிச்சலில் அந்த ஆப்பையே ஒலியற்றதாக்குவீர்கள், ஒலியை மறுபடி இயக்க மறந்துவிடுவீர்கள். அடுத்த மாதம் உண்மையான செய்தி சத்தமில்லாமல் வந்துபோகும். எரரின் வகையையும் இடத்தையும் சேர்த்து ஒரு சாவியாக வைத்து, கடைசியாக எப்போது சொன்னோம் என்பதை ஒரு டிக்ஷனரியில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்குள் அதே எரர் வந்தால் எண்ணிக்கையை மட்டும் கூட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து ‘இதே எரர் இன்னும் 540 முறை’ என்று ஒரே செய்தி. சாவியில் எரரின் முழு வாசகத்தைச் சேர்க்காதீர்கள். அதற்குள் நேரமோ வரிசை எண்ணோ இருந்தால் ஒவ்வொன்றும் புது எரராகத் தெரியும், தடுப்பு வீணாகிவிடும்.

இனி கேள்வியின் மறுபாதி: நடுவில் நின்றால் தெரிய வேண்டும் என்றீர்கள். முக்கிய ஃபங்ஷனை ஒரு ட்ரைக்குள் வைத்து, எக்ஸெப்ஷன் வந்தால் அனுப்பலாம். சிஸ் மாட்யூலின் எக்ஸெப்ட்ஹுக்கில் பொருத்தினால் எங்கே விழுந்தாலும் பிடிக்கும். தனி த்ரெட்டுகளுக்குள் விழுவதை மட்டும் அது பிடிக்காது. அதற்குத் த்ரெட்டிங் மாட்யூலில் 3.8 பதிப்பிலிருந்து தனியாக ஒரு ஹுக் இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் நிரல் சாகும்போது வாய் திறக்கும் நிலையில் இருந்தால்தான். நினைவகம் தீர்ந்து லினக்ஸ் கர்னல் நிரலைக் கொன்றால் பைத்தானுக்கு ஒரு வரி ஓட்டக்கூட அவகாசம் கிடைக்காது. மின்சாரம் போனாலும் அதே கதிதான். கிரான் வரியில் எழுத்துப்பிழை இருந்து நிரல் தொடங்கவே இல்லை என்றால் யார் சொல்வது?

ஆக, எரர் வந்தால் சொல் என்ற ஏற்பாட்டில் அமைதிக்கு இரண்டு அர்த்தம்: எல்லாம் நலம், அல்லது சொல்ல ஆளில்லை. இரண்டையும் பிரிக்க, ஏற்பாட்டைத் தலைகீழாக்க வேண்டும். ஹெல்த்செக்ஸ் என்று ஒரு சேவை இருக்கிறது, அதுவும் திறந்த மூலம், பைத்தானில் ஜாங்கோ கொண்டு எழுதப்பட்டது. அதில் ஒரு முகவரி கொடுப்பார்கள். உங்கள் நிரல் வெற்றிகரமாக முடிந்ததும் அந்த முகவரியை ஒருமுறை தட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, கூட ஒரு மணி நேரம் சலுகை என்று சொல்லிவைத்தால், அந்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். மேலே சொன்ன மூன்று சேவைகளுக்கும் அதிலிருந்தே அனுப்பலாம். கவனிக்க வேண்டியது, இந்தக் காவலாளி உங்கள் கணினிக்கு வெளியே இருக்க வேண்டும். அதே சர்வரில் இன்னொரு ஸ்கிரிப்டை வைத்து முதல் ஸ்கிரிப்டைக் கண்காணிப்பதால் பயனில்லை, சர்வர் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே விழும்.

ஃபயர்பேஸ் எப்போது தேவை? நீங்கள் எழுதிய ஆப்பை மற்றவர்கள் தங்கள் கைப்பேசியில் வைத்திருந்து, அவர்களுக்கு நீங்கள் அனுப்ப வேண்டும் என்றால். அப்போது ஒரு எச்சரிக்கை: ‘சர்வர் கீ’ ஒன்றை ஹெடரில் போட்டு அனுப்பச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் நிறையச் சுற்றுகின்றன. அந்தப் பழைய ஏபிஐயைக் கூகுள் 2023இல் கைவிடுவதாக அறிவித்து 2024இல் மூடத் தொடங்கிவிட்டது. இப்போது சர்வீஸ் அக்கவுண்ட் கோப்பும், அதிலிருந்து எடுக்கும் குறுகிய ஆயுள் டோக்கனும்தான் வழி. ஃபயர்பேஸ் அட்மின் பைத்தான் நூலகம் அதைத் தானே செய்துகொள்ளும்.

எல்லாம் பொருத்தியபின் ஒரு சோதனை செய்யுங்கள். நிரலை ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து கில் -9 கொடுத்துக் கொன்றுவிட்டு, ஹெல்த்செக்ஸின் 24 மணி நேர இடைவெளியையும் சலுகை நேரத்தையும் சோதனைக்காக ஓரிரு நிமிடமாகக் குறைத்துக் காத்திருங்கள். கைப்பேசியைத் திரை அணைத்து மேசையில் வைத்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் வரவில்லை, ஆப்பைத் திறந்தால் மட்டும் செய்தி இருக்கிறது என்றால் பைத்தானைத் திட்டாதீர்கள். ஆண்ட்ராய்டு 13இலிருந்து நோட்டிஃபிகேஷனுக்குத் தனியாக அனுமதி கேட்பார்கள், அதை மறுத்திருப்பீர்கள். அல்லது பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைத் தூங்கவைத்திருக்கும், அமைப்பில் போய் அதற்கு விலக்கு கொடுங்கள். சொந்தச் சர்வரில் நோட்டிஃபையை நிறுவி ஐஃபோனுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் காரணம் வேறு: ஆப்பிளின் குழாய்க்கான சாவி உங்கள் சர்வரிடம் கிடையாது. அமைப்புக் கோப்பில் மேல்நிலைச் சர்வராக அவர்களுடைய பொதுச் சர்வரைக் குறிப்பிட்டால்தான் செய்தி உடனுக்குடன் வரும்.